விய வருஷத்துக் கோடி: பூட்டி காலத்து வருத்தத்தையும் சாவையும் தேடிப் பிடிப்பது எப்படி

பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து இளைப்பாறிப் பத்து வருஷமாகிறது. இன்னும் வாசலில் ஆள் வந்து நிற்கும். முன்பு பத்திரத்துக்கு வந்தார்கள். இப்போது வருகிறவர்களுக்குக் கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளை போன் எடுத்துக் கேட்டிருக்கும். "எங்கட பூட்டன் என்ன வருத்தத்தில மோசம் போனவர்? சைவமோ, வேதமோ? ஒள்ளுப்பம் பாத்துச் சொல்லுங்க பதிவாளரம்மா."

வருத்தம் என்றால் எங்கள் பக்கம் நோய், வேதம் என்றால் கிறிஸ்தவம். நான் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதை ஒவ்வொருவருக்கும் திண்ணையில் வைத்துச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். இது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு. யாழ்ப்பாணத்தாருக்கும் சிலது உதவும், எல்லாம் உதவாது.

முதலில் கிழவிகள்

கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) ஓடாதீர்கள். கந்தோர் எரியாது, பெரியம்மா போய்விடுவா. வீட்டில் எண்பது தாண்டின பெண் ஒருத்தி இருந்தால் இந்தக் கிழமையே போய் இருங்கள். ஆண்களிடம் காணிக் கதைதான் வரும். எந்தப் பூமி யாருக்குப் போனது, எந்த வழக்கு எத்தனை வருஷம் இழுத்தது என்று நேரம் போய்விடும். எங்கள் பக்கம் குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய்வழி. வீடும் பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து ஏறுகிறவர். அதனால் ஒரு வீட்டில் நூறு வருஷமாகப் படுத்த வருத்தங்களின் கதை அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

ஆனால் "எப்படிச் செத்தவ?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் "அது விதி புள்ள" என்று வாய் மூடிவிடும். நான் கேட்பது வேறு. வருஷத்தில் எந்த நாளில் யாருக்குப் படைக்கிறீர்கள்? எந்தக் கோயிலுக்கு நேத்தி (நேர்த்திக்கடன்)? அது யார் வைத்த நேத்தி? வைகாசியில் வீட்டுக்குள் எதைக் கொண்டுவரக் கூடாது?

கடைசிக் கேள்வியை எங்கள் வீட்டில் வைத்தே கற்றுக்கொண்டேன். ஊரில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்தி முடியும் வரைக்கும் தாளிப்பு, பொரியல், மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. அது ஊர் வழமை. எங்கள் வீட்டில் மட்டும் கூடவே இன்னொன்று: பலாப்பழம் வாசற்படி தாண்டாது. வைகாசி என்றால் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இருந்து பலாப்பழம் வந்து குவிகிற காலம். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கையெல்லாம் பால் ஒட்டத் தின்னும். நாங்கள் வேலியில் நின்று பார்ப்போம். ஏன் என்று பெரியம்மாவைக் கேட்டால் "அம்மாளுக்கு ஆகாது" என்பா. ஊரில் மற்ற எல்லாருடைய அம்மாளுக்கும் ஆகிறதே என்றால் அடிதான்.

இப்படி ஒரு விலக்கு உங்கள் வீட்டில் மட்டும் இருந்து, ஊரில் இல்லை என்றால் குறித்து வையுங்கள். காரணம் கேட்டு நெருக்க வேண்டாம்.

ஒப்பாரியையும் கேளுங்கள். செத்த வீடு இல்லாத நேரத்தில் ஒப்பாரி சொல்ல மாட்டார்கள், துடக்கு (தீட்டு) என்பார்கள். அப்போது சொல்லச் சொல்லாமல், "உங்கட அம்மா எப்படிச் சொல்லி அழுவா?" என்று கேளுங்கள். இரண்டு வரி வரும். எங்கள் பெரியம்மாவிடம் வந்தது:

வேம்பு வெட்டிப் பந்தலிட்டோம் என்ட கண்ணே
வெள்ளை விரிக்கவோடி வேம்பு வெட்டினோம்

இது யாருக்கு அழுதது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வேப்பிலை இருக்கிறது. வேப்பிலை என்றால் எங்கள் பக்கம் அம்மாள் வருத்தம், அம்மை நோய். இளம்பிள்ளை என்பதும் தெரிகிறது, முதிர்ந்த ஆளைக் "கண்ணே" என்றும் "டி" போட்டும் கூப்பிட மாட்டார்கள். இரண்டு வரிக்கு இவ்வளவு போதும்.

பெயர்களைப் பாருங்கள்

வம்சாவளி எழுதும்போது குப்பை, பிச்சை, தவிடு என்று தொடங்கும் பெயர் வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதுகிறார்கள், படித்த பிள்ளைகளுக்கு வெட்கமாம். அந்தப் பெயர்தான் முழுக் குடும்பத்தின் ஆஸ்பத்திரித் துண்டு. முதல் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்காமல் போன தாய், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, அல்லது ஒரு பிடி தவிட்டுக்கு அயல்வீட்டுக்காரிக்கு விற்றுத் திரும்ப வாங்கி, யமன் பொறாமைப்படாத பெயராகப் பார்த்து வைத்தாள். குப்பைப் பெயர் ஒன்று கண்டால் அதற்கு மேலே, பெயர் வைக்காமலே போன பிள்ளைகள் இருக்கலாம் என்று இடம் விட்டு எழுதுங்கள். எந்தப் பதிவிலும் அவர்கள் கிடைக்கப் போவதில்லை.

பத்தினி, கண்ணகை என்று வரும் பெயர்கள் பெரும்பாலும் அம்மனுக்கு வைத்த நேத்தியில் கிடைத்த பிள்ளைகள். முஸ்லிம் குடும்பங்களிலும் இதே கணக்குத்தான். பக்கீர் என்றும் பிச்சை என்றும் வைத்திருப்பார்கள். நாகூர் ஆண்டகை பேரில் நேர்ச்சை வைத்துப் பிறந்தவர் மீராசாகிபு ஆகியிருப்பார். மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா வீட்டில் ஒரு தலைமுறையில் மூன்று மீராசாகிபு. முதல் இரண்டு பேரும் குழந்தையிலேயே மவுத்து, மூன்றாவது ஆள்தான் தங்கினவர். பெயரை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஓலை இருந்தால்

இனி என் சொந்தப் பிழை.

பூட்டியின் தகப்பன் சின்னதாய் வயல் வைத்திருந்த ஆள். போடியார் என்று ஊரார் மரியாதைக்குச் சொல்வார்கள். அவருடைய கணக்கு ஏட்டில் ஒரு கட்டு, முப்பத்தொரு ஓலை, எங்கள் வீட்டுக் கூரை வளையில் செருகிக் கிடந்தது. 1978 நவம்பர்ச் சூறாவளிக்கு வீட்டுக் கூரை போனது. ஏட்டை அம்மா நெல்லுப் பெட்டிக்குள் மாற்றி வைத்திருந்ததால் தப்பியது. 2004 கடலுக்குத் தப்பியது நாங்கள் அப்போது உள்ளுக்கு வந்திருந்ததால்.

ஏடு கையில் கிடைத்தால் முதலில் எண்ணெய் பூசாதீர்கள். தேங்காயெண்ணெய் பூசிப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து காட்டியவர்களின் ஏட்டைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். பூச்சிக்கும் எறும்புக்கும் விருந்து வைத்தது போல. மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். ஒட்டிக் கிடக்கும் ஓலையைப் பிரிக்காதீர்கள், முறியும். மசி போய் எழுத்து வெளிறியிருந்தாலும் பயமில்லை, எழுத்தாணிக் கீறல் இருக்கும். இரவில் அறையை இருட்டாக்கி, போன் ரோச்சை ஓலைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்க வைத்தாற்போலப் பிடித்து, இன்னொரு போனால் படம் எடுங்கள். கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். படம் எடுத்த பிறகு ஏட்டைத் தொடவே வேண்டாம்.

வாசிக்கிற விதம் தனி. ஏட்டில் புள்ளி இல்லை. காலும் ரகரமும் ஒன்று. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற வேறுபாடு கிடையாது. அதனால் எகர ஏகாரம், ஒகர ஓகாரம் எல்லாம் ஒரே தோற்றம். இலக்கங்களும் தமிழ் இலக்கம். ௧ என்பது க மாதிரி, ௨ என்பது உ மாதிரி, ௬ என்பது சு மாதிரி, ௮ என்பது அ மாதிரி. வயது ஆறு என்று எழுதியிருப்பதைச் "சு" என்று வாசித்துவிட்டு யாரோ சுப்பிரமணியத்தைத் தேடித் திரிந்தவர் ஒருவர் இருக்கிறார். ஊர் சொல்ல மாட்டேன்.

நான் அவரை விட மோசம். இருபத்திரண்டாம் ஓலையில் "விய வருஷம் வைகாசி" என்று தொடங்கி இப்படிச் செலவு வரிசை: பரிகாரியாருக்கு, அதாவது நாட்டு வைத்தியருக்கு, நெல் மூன்று மரைக்கால். தேன். இளநீர். கோயிலுக்கு எண்ணெய். அதற்கும் கீழே நான் வாசித்தது, "கொடி போட்டது ரூபா ௨".

கொடி என்றால் தாலிக்கொடி. பரிகாரி வந்திருக்கிறார், யாரோ எழும்பியிருக்கிறார்கள், கலியாணம் நடந்திருக்கிறது என்று கதை கட்டினேன். பூட்டியின் தகப்பனுக்கு இரண்டாம் தாரம் ஒன்று இருந்ததாகக்கூட நானே முடிவு பண்ணி, குடும்பத்து வம்சாவளியில் ஒரு கோடு போட்டு வைத்தேன். எட்டு வருஷம் அந்தக் கோடு இருந்தது. பிறகு எங்கள் ஊர் தட்டாரிடம் அம்மாவின் சங்கிலி திருத்தப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு ரூபாய்க்குத் தாலிக்கொடியோ? அந்தக் காலத்திலயும் ரெண்டு ரூபாய்க்கு ஒரு பவுண் வராதே அம்மா. அது கோடி."

கோடி. செத்த உடம்பின் மேல் போடுகிற புதுத்துணி.

வீட்டுக்கு வந்து அடுத்த வரியைப் பார்த்தேன். அங்கே "எட்டுக்கு அரிசி" என்று இருந்தது. நான் அதை எட்டு ஆளுக்கு அரிசி என்று வாசித்து வைத்திருந்தேன். அது செத்து எட்டாம் நாள் கிரியைச் செலவு. முப்பது வருஷம் சாவு பதிந்தவளுக்கு எட்டுத் தெரியவில்லை.

ஆகவே ஏட்டில் ஒரு சொல்லைத் தனியே வாசிக்காதீர்கள். அடுத்த வரியும் விலையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வருத்தம் கண்ட வீட்டுக் கணக்கில் இரண்டு முடிவுதான். "தண்ணி வார்த்தது" என்று வந்தால் அம்மாள் இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் தலைக்கு வார்த்தாயிற்று, ஆள் பிழைத்தது. "கோடி" என்று வந்தால் இல்லை. எங்கள் ஏட்டில் பதினான்காம் ஓலையில் தண்ணி வார்த்தது ஒன்று உண்டு. இருபத்திரண்டில் கோடி.

இனி வருஷக் கணக்கு. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். 1867 சித்திரையில் பிரபவ பிறந்தது. உங்கள் வருஷம் பட்டியலில் எத்தனையாவது என்று பார்த்து, ஒன்றைக் கழித்து, 1867-உடன் கூட்டுங்கள். விய இருபதாவது. 1867-உம் 19-உம் 1886. முந்திய சுற்று 1826. தை, மாசி, பங்குனி வந்தால் அடுத்த ஆங்கில வருஷம், மறக்க வேண்டாம். 1826-ஓ 1886-ஓ என்று பிரிப்பதற்குக் காசைப் பாருங்கள். இலங்கையில் ரூபாய்க் கணக்கு 1872-இல் வந்தது. அதற்கு முன் பவுண், சிலிங். அதற்கும் முன் இறைசால் என்ற ஒல்லாந்தர் காலத்துக் காசு. எங்கள் ஓலையில் ரூபாய். ஆகவே 1886 மே நடுவுக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில். இறைசால் என்று கண்டவுடன் பழையது என்று துள்ள வேண்டாம், வாய்ப்பழக்கத்தில் கிழவர்கள் பிறகும் எழுதியிருக்கலாம். ரூபாய் மட்டும் பொய் சொல்லாது.

பதிவுப் புத்தகம்

இப்போது கந்தோருக்குப் போகலாம். பிறப்பு இறப்பைச் சட்டப்படி பதிகிற முறை இங்கே 1867-இல் ஒழுங்காகத் தொடங்கியது. அதற்கு முந்தினதைப் பதிவாளரிடம் தேடுவது வீண். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தேடுதல் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தார் ஒன்று கவனிக்க வேண்டும்: அம்பாறை தனி மாவட்டமானது 1961-இல். அதற்கு முன் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு. பழைய கடிதத்திலும் புத்தகத்திலும் அந்தப் பெயரில்தான் இருக்கும்.

பெயர் தெரிந்து ஆண்டு தெரியாமல் போகாதீர்கள். ஒரு கந்தோரில் "இப்படி எத்தனை புத்தகம் புரட்டுறது?" என்று என்னையே எரிந்து விழுந்தார்கள், நான் அதே வேலை பார்த்தவள் என்று தெரியாமல். கோபமும் நியாயம்தான்.

கிடைத்தால் எல்லாரும் முதலில் காரணத்தைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அறிவித்தவரை. யார் வந்து சொன்னது, செத்தவருக்கு என்ன முறை, கையெழுத்தா, கைநாட்டா? எங்கள் பிள்ளையின் பதிவில், அது பூட்டியின் அக்கா, வயது 6, அறிவித்தவர் தாயின் தமையன். தகப்பன் இல்லை. தகப்பன் ஏட்டில் கோடியும் எட்டும் எழுதியிருக்கிறார், ஆக ஊரில்தான் இருந்திருக்கிறார். எங்கள் வழமையில் பிள்ளைக்கு அம்மான்தான் முன்னுக்கு நிற்பார் என்று சொல்லிவிடலாம். தகப்பனால் வாசலை விட்டு எழும்ப முடியவில்லை என்றும் சொல்லலாம். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

காரணம் என்ற இடத்தில் "காய்ச்சல்". அவ்வளவுதான். வேப்பிலை இல்லை, அம்மாள் இல்லை.

இது பொய்யா? பதிவாளர் சொந்தமாக எழுதுவதில்லை, வந்தவர் சொன்னதைத்தான் எழுதுவார். வைத்தியத் துண்டு இல்லாத காலம். வீட்டுக்கு அம்மாள் வந்தா, அவ கோபமோ விளையாட்டோ தன் பாட்டுக்கு நடந்தது என்று நம்புகிற குடும்பம், அதை அரசாங்கப் புத்தகத்தில் நோய் என்று சொல்ல நாக்கு எழும்பாது. அதோடு பயமும் இருந்திருக்கும். இலங்கையில் அம்மைப்பால் (தடுப்பூசி) வைப்பது 1802-இலேயே தொடங்கிவிட்டது. அதைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 1886-இல், எங்கள் விய வருஷத்தில்தான். அம்மை என்று சொன்னால் வீட்டை ஒதுக்குவார்கள், மற்றப் பிள்ளைகளைப் பிடித்துக் குத்துவார்கள் என்று அம்மான் நினைத்தாரோ என்னவோ. என் காலத்திலும் தூக்கில் தொங்கினவரை "நெஞ்சு வருத்தம்" என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். அந்த முகங்களை நினைத்துக்கொண்டுதான் 1886-ஆம் ஆண்டுக் காய்ச்சலை வாசிக்கிறேன்.

பதிவே இல்லை என்று துண்டு வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. படுவான்கரையிலிருந்து வாவி கடந்து தோணியில் வந்து பதிய வேண்டியவன் வயல் காலத்தில் வந்திருப்பானா? குடிசன மதிப்பு 1871-இல் முதலில் எடுத்தார்கள், ஆனால் பெயர் தேடி அங்கே போகாதீர்கள். அது தலை எண்ணின கணக்கு.

வருத்தத்தின் பெயர்

பழைய பெயரை இன்றைய ஆஸ்பத்திரிப் பெயராக மாற்றுவதில் எல்லாருக்கும் ஒரு அவசரம். பொறுங்கள். வாந்திபேதி என்று ஒரே தெருவில் நாலைந்து நாளுக்குள் பல சாவு கண்டால் கொலரா என்று நம்பலாம். கிருமியைக் கொக் என்ற ஜேர்மன் வைத்தியர் 1884-இல் அடையாளம் சொன்னார், அது நம் கிணற்றடிக்கு வந்து சேர இன்னும் காலம் எடுத்தது. முறைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கி வருவது, பெரும்பாலும் மலேரியா. கொசுதான் கொண்டு வருகிறது என்று றொஸ் என்ற வைத்தியர் கண்டது 1897-இல். அதுவரை கெட்ட காற்று, காட்டுத் தண்ணி, பேய் என்று ஆளுக்கொரு காரணம். சன்னி என்பது எந்தக் காய்ச்சலின் முடிவிலும் வரக்கூடிய பிதற்றல், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வந்ததையும் அப்படியே சொன்னார்கள். வெறும் காய்ச்சல் என்பதை வெறும் காய்ச்சல் என்றே எழுதுங்கள்.

செய்வினை, நாவூறு என்று வந்தாலும் சிரிக்காமல் அப்படியே எழுதுங்கள். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் செய்யும் பகிடி போதும், நாமும் சேர வேண்டாம். தண்ணீர் ஓதிக் கொடுத்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது கணக்கில் இருந்தால் அதுவும் மருத்துவச் செலவுதான்.

கதிர்காமம் போனவர் திரும்பவில்லை என்ற கதை அனேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். பொத்துவில், உகந்தை, குமணை என்று காடு வழியே நடை. நேத்தி நிறைவேற்றப் போன ஆள் பேதியிலோ காட்டுக் காய்ச்சலிலோ வழியில் கிடந்திருப்பார். யாத்திரிகரோடு வாந்திபேதி பரவுகிறது என்று அரசாங்கமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு வைத்தது. அப்படிப்பட்டவரின் பதிவை உங்கள் ஊரில் தேடாதீர்கள். வீட்டில் உடம்பு இல்லாமல் செய்த கிரியை எந்த நாள் என்று கேளுங்கள். முருகன் கூட்டிக்கொண்டார் என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கண்ணைத் துடைப்பா. இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல்

கோயிலில் சாவுப் பதிவு கிடையாது, ஆனால் உரிமைக் கணக்கு உண்டு. கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் கேளுங்கள்: சடங்கில் எந்த நாள் எந்தக் குடிக்கு, உங்கள் வீட்டுக்கென்று விளக்கோ மணியோ செம்போ கொடுத்தது உண்டா? பித்தளையில் வெட்டின பெயரும் வருஷமும் சில இடத்தில் இருக்கும். மடிப்பிச்சை எடுத்துத்தான் ஒரு வீட்டார் சடங்குக்கு வரவேண்டும் என்று வழமை இருந்தால், வசதி இருந்தும் சேலைத்தலைப்பை ஏந்தி வீடு வீடாக அரிசி கேட்கிறார்கள் என்றால், முதன்முதலில் ஏந்தினவளுக்கு ஒரு பிள்ளை படுத்திருக்கும். அம்மன் கோயில் பூசகரான கட்டாடியார் குடும்பத்துப் பெரியவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். அவர் மனம் வைத்தால் சொல்லுவார்.

வேதக்காரர்களுக்கு வேலை இலேசு. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று தேவாலயத்தில் புத்தகம் உண்டு, 1867-க்கு முந்தியும் போகும். போதகரிடமோ குருவானவரிடமோ எழுதிக் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்க வேண்டாம். கத்தோலிக்க அடக்கப் பதிவில் அவஸ்தை பூசியது (சாகப்போகிறவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசுவது) குறித்திருந்தால், வீட்டார் சாவை முன்பே அறிந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள், திடீர்ச் சாவில்லை. வீட்டு வேதாகமத்தின் வெற்றுத்தாளையும் பாருங்கள். பிறந்த நாளுக்குப் பக்கத்தில் வேறு மையில் சின்னதாக இன்னொரு திகதி இருக்கும்.

வெள்ளைக்காரப் போதகர்கள் மருந்தோடு வந்து நம்மவரைக் காப்பாற்றினார்கள் என்று ஒரு பக்கம், ஆசை காட்டி மதம் மாற்றினார்கள் என்று ஒரு பக்கம் என்னிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். மட்டக்களப்பில் சிலை வைத்திருக்கிறோமே, வில்லியம் ஓல்ட், மெதடிஸ்த போதகர், அவரைப் பாருங்கள். 1813 டிசம்பர்க் கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். மனைவி கடலிலேயே இறந்துபோனார். தனியே மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, 1815 ஏப்ரல் 1-இல் அவரும் இங்கேயே இறந்தார். ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அவருக்கும் எங்கள் கட்டாடியாருக்கும் அந்தக் காலத்துக் காய்ச்சல் ஒன்றுதான். 1847-இல் வடக்கே வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, பிறகு தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தது பெரிய காரியம். ஆனால் அந்தக் கெட்டிக்கார நோய்ப் பெயர்களை எடுத்து உங்கள் பூட்டன் வாயில் வைக்காதீர்கள்.

ஒரே வீட்டில் அண்ணன் வேதம், தம்பி சைவம் என்பதும் இருக்கும். அண்ணனுக்குத் தேவாலயத்தில் அடக்கம் நடக்கும், தாய் வீட்டில் எட்டும் முப்பத்தொன்றும் நடக்கும். இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

முஸ்லிம் வீடுகளில் செத்தவருக்காகக் கத்தம் ஓதுகிற நாளும் கந்தூரி (விருந்து) நாளும் வாய்வழியாக வரும். கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்துக்குக் குடும்பமாக நேர்ச்சை கொண்டுபோகிறவர்களிடம், "முதல் ஆர் கொண்டுபோனது?" என்று கேளுங்கள். மருதமுனைத் தாத்தாவிடம் அப்படித்தான் மூன்று மீராசாகிபும் வந்தார்கள்.

செத்தவர் நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள், கோயில் மலர்கள் எல்லாம் நூலகம் என்ற இணையத் தளத்தில் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். கல்வெட்டு அச்சானது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில்தான் என்றாலும் முன்பக்கத்து வம்சாவளி பூட்டன் காலத்தைத் தொடும். அதில் எல்லாரும் தர்மவான்கள், எல்லாரும் நல்லபடி சிவபதம் அடைந்தவர்கள். பெயருக்கு மட்டும் பாருங்கள்.

எழுதி வைக்கும்போது

ஒற்றைக் கொப்பியில் இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. கலக்காதீர்கள். என் வலப்பக்கத்தில் எட்டு வருஷம் ஒரு இரண்டாம் தாரம் இருந்தா, இடப்பக்கத்தில் இரண்டு ரூபாய் மட்டும்தான் இருந்தது. சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி போடுங்கள், பேரப்பிள்ளை கோபிக்காது. ஓலைப் படம் ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறை திரும்ப வாசியுங்கள், முதலில் தெரியாதது பிறகு தெரியும்.

போன வருஷம் இருபத்திரண்டாம் ஓலையைத் திரும்ப வாசித்தேன். எண்ணெய்க்கும் கோடிக்கும் நடுவில் ஒரு வரி இருக்கிறது. எனக்கு அதுவரை வீட்டுச் சாமான் என்று தாண்டிப்போன வரி. பரிகாரியார் வந்து மூன்றாம் நாள். "பிள்ளை கேட்டது, பலாப்பழம் ௧."

பலாப்பழம் சூடு. அம்மாள் வருத்தக்காரருக்குக் கொடுக்கவே மாட்டார்கள். கேட்டதால் வாங்கியிருக்கிறார். கொடுத்தாரோ, வாங்கி வைத்துவிட்டுக் கொடுக்காமல் விட்டாரோ, ஓலையில் இல்லை.

படத்தைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவவுக்கு இப்போது தொண்ணூற்றைந்து, கண் மங்கல். வாசித்துச் சொன்னேன். நெடுநேரம் சும்மா இருந்தா. மறுகா, "புள்ள என்ன பேர்?" என்று கேட்டா. பதிவில் இருந்த பேரைச் சொன்னேன். அந்தப் பேரைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தா. வாசலில் பலாப்பழக்காரனின் சைக்கிள் மணி கேட்டது. "சடங்கு முடியட்டும்" என்றா.